பூசல்ஹம் கேட்ட துணைக்கேள்வி

தார் லஹ்மர் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பூசல்ஹம், முதல் நான்கு வருடம் அவையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு முறை இருமியிருக்கிறார். அதை நாங்கள் டிவியில் பார்த்தோம்.

அவர் தொழில் பம்புசெட்டு பழுது பார்ப்பது. ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பம்பு நின்றால் எல்லாம் நின்றது. பெருநாளன்று கூப்பிட்டால்கூட ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் கை வைக்காத பம்பு சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டு கட்சிக்காரர்கள் வந்து தேர்தலில் நிற்கச் சொன்னார்கள்.

"எனக்குப் பேச வராதே."

"பேசறதுக்கு எங்ககிட்ட நிறைய ஆள் இருக்கு. ஓட்டு வாங்கத்தான் ஆள் இல்ல."

நின்றார், ஜெயித்தார். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டுத் தலைநகரமான ரபாத்துக்கு ரயிலேறிப் போய், கேள்வி நேரம் முடியும்வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். என் காபிக்கடையில் அன்று மத்தியானம் அவை நடவடிக்கைதான் ஓடும். பந்தாட்டம் இல்லாத நாள் என்பதால் யாரும் மாற்றச் சொல்வதில்லை. உறுப்பினர் தூங்குகிறாரா, கண்ணை மூடி யோசிக்கிறாரா என்று வாக்குவாதம் நடக்கும். முடிவுக்கு வந்ததில்லை.

மென்னானா என்ற பெண்மணி நாற்சந்திக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் பெரியவர்களாகி வெளியூர் போய்விட்டார்கள். தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் விடியுமுன் அங்கிருந்துதான் கிளம்பும். ஏறும் முன் பெண்கள் தூங்குகிற பிள்ளையை அப்படியே மென்னானா வீட்டுப் பாயில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரே அறை. பருவம் உச்சத்தில் இருக்கும்போது கால் வைக்க இடம் இருக்காது.

ஊரில் குழந்தைகள் காப்பகம் இல்லாமல் இல்லை. அரசாங்கம் கட்டியது. மஞ்சள் வண்ணம், சுவரில் வாத்துப் படங்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார், பேரீச்சம்பழமும் பாலும் சாப்பிட்டார், போனார். அன்று பூட்டிய கதவு பிறகு திறக்கவில்லை. வாசல் படியில் யாருடையது என்று தெரியாத ஒரு சேவல் குடியேறியிருந்தது.

மென்னானா நகராட்சியில் கேட்டாள். மாகாண அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். மாகாணத்தில், தலைநகரத்து விஷயம் என்றார்கள். தலைநகரத்தில் யாரைக் கேட்பது என்றாள். உங்கள் உறுப்பினரை என்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வரிசையாக பம்புக் கடைக்குக் கூட்டி வந்தாள்.

"ஸீ பூசல்ஹம், ஐயா, இந்தாங்க."

"என்னம்மா இது?"

"தொகுதி. நீங்க பாத்துக்க வேண்டியதுதானே. நான் பல்லு பிடுங்கிட்டு வரேன்."

உண்மையிலேயே பல் பிடுங்கத்தான் போனாள். வைத்தியர் வர நேரமாகிவிட்டதால் அவள் திரும்பும்போது மாலைத் தொழுகை நெருங்கிவிட்டது. அதற்குள் பூசல்ஹம் மூன்று பேருக்கு மூக்குத் துடைத்து, ஒருவனைக் குழாய்க்குள்ளிருந்து இழுத்து, எல்லோருக்கும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கொடுத்திருந்தார். ஒரு வாஷர் காணாமல் போயிருந்தது. மறுநாள் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று மென்னானா சொல்ல வந்தாள், அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த வாரமே கேள்விக்குப் பெயர் கொடுத்தார். கட்சி அலுவலகத்து இளைஞர்கள் அவருக்காக இலக்கண அரபியில் எழுதித் தந்தார்கள். கடையில் பம்புகளுக்கு முன்னால் நின்று படித்துப் பழகினார். மனைவி யம்னா தேநீரோடு வந்து சற்று நேரம் கேட்டாள்.

"யாரைத் திட்டறீங்க?"

"யாரையும் திட்டல. காப்பகத்தைத் திறங்கன்னு கேக்கறேன்."

"இதுல காப்பகம் எங்க வருது?"

"ரெண்டாவது பக்கத்துல."

"அதுவரைக்கும் அந்தம்மா உக்காந்திருப்பாங்களா?" என்றாள். அந்தம்மா என்றது அமைச்சரை.

அந்தத் திங்கட்கிழமை நல்ல மழை, தோட்டத்தில் வேலை இல்லை. பழம் பறிக்கும் பெண்கள் எல்லோரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் இவ்வளவு பேர் உள்ளே வருவது அதுதான் முதல் தடவை. வழக்கமாக உட்காரும் ஆண்கள் எழுந்து சுவரோரம் நின்றார்கள். மென்னானா டிவிக்கு நேராக நாற்காலி போட்டுக்கொண்டாள்.

அவையில் ஒவ்வொரு கட்சிக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கு. பூசல்ஹத்தின் கட்சியில் அவருக்கு முன்னால் ஒருவர் சாலையைப் பற்றிப் பேசினார், ஒருவர் ஆஸ்பத்திரியைப் பற்றி, இன்னொருவர் அந்த இரண்டைப் பற்றியும். இவர் எழுந்தபோது அவைத்தலைவர் சொன்னார்: "மதிப்புக்குரிய உறுப்பினரே, உங்கள் கட்சிக்குச் சில விநாடிகள்தான் மிச்சம்."

பூசல்ஹம் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். மேசையில் வைத்தார்.

"எங்க ஊர்ல காப்பகம் பூட்டிக் கெடக்கு. சாவி யார்கிட்ட இருக்கு?"

உட்கார்ந்துவிட்டார்.

அமைச்சர் அம்மையார் முன்கூட்டியே எழுதி வைத்த பதிலைப் படித்தார். தேசியத் திட்டம், அதன் தூண்கள், ஒதுக்கீடு, கடந்த ஆண்டைவிட எத்தனை சதவிகிதம் உயர்வு. நிறைவாக, அந்த மாகாணத்தில் கட்டி முடித்த காப்பகங்கள் அனைத்தும் சேவையில் இருப்பதாகத் தெரிவித்தார்.

"சேவலுக்கா?" என்றாள் மென்னானா.

துணைக்கேள்வி உண்டா என்று அவைத்தலைவர் வழக்கப்படி கேட்டார். இருக்காது என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். பூசல்ஹம் மறுபடியும் எழுந்தார்.

"அதெல்லாம் சரிங்க. சாவி?"

ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். அவையில் சிரிப்பு எழுந்தது. அமைச்சர் பின்னால் திரும்பி அதிகாரியைப் பார்த்தார். அந்த அதிகாரி தனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

என் கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் அழுதாள், ஏன் என்று கேட்டதற்கு மழைச்சளி என்றாள்.

அன்று மாலை பூசல்ஹம் ரயிலை விட்டு இறங்கி நேராக என் கடைக்கு வந்தார். தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். "அண்ணே, நல்லா கேட்டீங்க" என்றேன். "முழுசா கேக்க முடியலயேப்பா" என்றார்.

அந்த வாரக் கடைசிக்குள் இரண்டு கார்களில் அதிகாரிகள் வந்தார்கள். விசாரித்ததில், காப்பகத்தை நடத்த வேண்டிய ஒரு சங்கத்தின் தலைவரிடம் சாவி ஒப்படைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சங்கத் தலைவர் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய்விட்டார். சாவி அவருடைய குளிர்காலக் கோட்டுப் பையில் இருந்தது. போன் செய்தால், கோட்டுக்கான குளிர் இன்னும் வரவில்லை, வந்ததும் பார்க்கிறேன் என்றாராம். பூசல்ஹம் ஸ்பேனர் பையை எடுத்து வந்து, அதிகாரிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூட்டைக் கழற்றினார். உள்ளே குட்டி நாற்காலிகள் பிளாஸ்டிக் உறையோடு அடுக்கியபடி இருந்தன.

கெனித்ரா நகரத்திலிருந்து இல்ஹாம் என்ற பயிற்சி பெற்ற ஆசிரியை வந்தாள். கெட்டிக்காரி, பிள்ளைகளும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். காப்பகம் ஒன்பது மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடும் என்று வாசலில் பலகை வைத்தார்கள். பிக்கப் வண்டிகள் ஐந்து மணிக்குக் கிளம்புகின்றன. ஆக, ஐந்திலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் மென்னானாவின் பாயிலேயே கிடந்தார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி பூசல்ஹம் எழுத்துமூலம் கேள்வி அனுப்பினார். ஆய்வில் உள்ளது என்று பதில் வந்தது.

இல்ஹாம்தான் ஒருநாள் பம்புக் கடைக்கு வந்து சொன்னாள்: "ஸீ பூசல்ஹம், திறக்கறதுக்கு முன்னாடி தெனமும் கட்டடத்தை சுத்தம் பண்ணணும்னு விதி இருக்கு. எத்தனை மணியிலேர்ந்துன்னு போடல."

நகராட்சி மென்னானாவைத் துப்புரவுப் பணியாளராக நியமித்தது. காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறப்பாள். ஒன்பதுவரை சுத்தம் செய்வாள்.

வசந்தத்தில் ஓர் ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஏழு மணிக்கு வந்து நின்றார். உள்ளே பிள்ளைகள் பாலும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காப்பகம் இப்ப மூடித்தானே இருக்கணும்?"

"மூடித்தான் இருக்கு. நான் சுத்தம் பண்றேன்."

"இந்தப் பிள்ளைங்க?"

"இதுங்கதான் அழுக்காக்குதுங்க. இல்லன்னா நான் எதை சுத்தம் பண்றது?"

ஆய்வாளர் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். மென்னானா அவருக்கும் பால் கொடுத்தாள். சுகாதாரம் திருப்திகரம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த தேர்தலில் பூசல்ஹம் தோற்றார். ஜெயித்தவர் நன்றாகப் பேசுவார். தோற்ற செய்தி வந்தபோது அவர் ஒரு தோட்டத்தில், கிணற்றுக்குள் இறங்கியிருந்தார். யம்னா போனில் சொன்னாளாம், வருத்தமா இருக்கா என்று கேட்டாளாம்.

"கொஞ்சம் இருக்கு" என்றாராம். "இந்த மோட்டாரை ஏத்திட்டு வந்து வருத்தப்படறேன். நீ சோத்தை எடுத்து வை."