மார்த்தா அப்படிச் சொல்லமாட்டாள்

வில்மா ஸ்டானெக்குக்கு ஐம்பத்தொரு வயது. பர்பாங்க் நகரத்து டிவி ஸ்டூடியோ ஒன்றில் ‘ஏழாம் நம்பர் வீடு’ என்ற நகைச்சுவைத் தொடருக்குக் கன்டினியுட்டி, அதாவது ஒரு வாரக் கதைக்கும் அடுத்த வாரக் கதைக்கும் முரண் வராமல், பார்த்துவந்தாள். அப்பா காபிக் கோப்பையை எந்தக் கையில் பிடித்தார், மகள் எந்த வாரம் முடி வெட்டிக்கொண்டாள், யார் யாருக்கு என்ன சத்தியம் செய்தார்கள், எல்லாம் அவள் ஃபைலில் இருக்கும். நடிகர்களுக்கு வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பதும் அவள்தான். ஒரு பிசகையும் விடமாட்டாள் என்பதால் முதுகுக்குப் பின்னால் ‘ஜட்ஜம்மா’ என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. சொல்லட்டுமே என்று விட்டுவிட்டாள்.

தொடரில் வரும் அம்மா மார்த்தா. முதல் இரண்டு வருஷம் அவள் முட்டையைக் கருக்கினாள், மன்னிப்புக் கேட்டாள், வேறொன்றும் செய்யவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு எழுத்தாளர் துணிந்து அவளை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்தார். மார்த்தா டவுன் பஸ் டிரைவர் ஆனாள். புருஷன் ஃப்ராங்க் ஆறு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். ஏழாவது வாரம், அவளுக்கு முன்னால் எழுந்து அவளுக்கு மதியச் சாப்பாடு கட்டிவைத்தான். படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்த முன்னூறு பேரில் ஒருவர்கூட அந்த இடத்தில் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எண்பத்து நாலில், தொடரின் ஐந்தாம் வருஷம், டென்னிஸ் ப்ரூவர் தலைமை எழுத்தாளனாக வந்தான். திங்கட்கிழமை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவனுடைய முதல் கதையைப் படித்தார்கள். மார்த்தா காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் கேரேஜ் கதவில் மோதுகிறாள். ஃப்ராங்க் சாவியைப் பிடுங்கிக்கொள்கிறான்.

வில்மா கை தூக்கினாள். “மார்த்தா ரெண்டு வருஷமா பஸ் ஓட்டுறா.”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?” என்றான் டென்னிஸ்.

“எனக்கு இருக்கு. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.”

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. டென்னிஸ் சிரிக்கவில்லை. “அப்ப ஃபைல்ல அந்தப் பக்கத்தக் கிழிச்சிடுங்க.”

“கிழிக்கமாட்டேன்.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது நடந்ததையும், பக்கத்தைக் கிழிக்கப்போவதில்லை என்பதையும் புருஷன் ரேயிடம் சொன்னாள். அவன்தான் உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தான். “ஒரு டிவி நாடகத்துக்காகவா வேலையப் போக்கிக்கப்போற?” என்றான்.

“நான் வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப நீ எங்கிட்ட எத்தன நாள் பேசல?”

ரே தட்டைப் பார்த்தான். “அது பழைய கத.”

“நீ மாற ஆறு வருஷம் ஆச்சு ரே. எவனோ ஒருத்தன் வந்து உன்னப் பழையபடி எழுதிட்டுப் போனா, நான் பாத்துட்டு இருக்கணுமா?”

ரே இன்னொரு கரண்டி கிழங்கை அவள் தட்டில் வைத்தான்.

புதன்கிழமை ஒத்திகை. மார்த்தாவாக நடிக்கும் ராஸ்லின், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பாதியில் நின்றாள். “வில்மா, என்ன வசனம்?”

‘எனக்குப் பயமா இருக்கு ஃப்ராங்க், நீங்களே ஓட்டுங்க’ என்பது வசனம். வில்மாவின் விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது.

“மார்த்தா அப்படிச் சொல்லமாட்டா,” என்றாள்.

“வசனத்தக் குடுங்க,” என்றான் டென்னிஸ்.

“பனியில, பிரேக் பிடிக்காத பஸ்ஸ, உள்ள நாப்பது பேரோட ஓரங்கட்டி நிறுத்தினவ அவ. அம்பத்தெட்டாவது எபிசோடு. அவ தன் வீட்டு வாசல்ல கார எடுக்கப் பயப்படுவாளா?”

“வில்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம். நாளைக்கும் வர வேண்டாம்.”

வில்மா பென்சில்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். ஃபைல் கம்பெனிச் சொத்து. அதைக் கொண்டுபோய் ராஸ்லின் கையில் கொடுத்துவிட்டு, பெரிய கதவு வழியாக நிமிர்ந்தே நடந்து வெளியே போனாள்.

பிறகு நடந்ததை ராஸ்லின் போனில் சொன்னாள். ஃபைலைப் புரட்டியபடி ராஸ்லின் செட்டிலிருந்த மார்த்தாவின் சோபாவிலேயே உட்கார்ந்து, அந்த வசனத்தைச் சொல்லமாட்டேன் என்றுவிட்டாளாம். ஃப்ராங்காக நடிக்கும் வால்டர், யாருக்காகவும் வாய் திறக்காத மனுஷன், அவளிடமிருந்து சாவியை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, “இவளுக்குச் சோறு கட்டினவன் நான். நான் எப்படிச் சாவியப் பிடுங்குவேன்?” என்றாராம். டென்னிஸ் கத்திப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். வியாழக்கிழமை கதை மாறியது. மார்த்தா காரை ஓட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன ஃப்ராங்க் மூன்று தடவை தப்பான தெருவுக்கு இழுத்துவிட்டான். ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் டென்னிஸே போனில் கூப்பிட்டான். “ஒரு மன்னிப்புக் கேட்டுட்டீங்கன்னா திரும்பி வரலாம்.”

“எந்த எபிசோட நான் தப்பா எழுதி வச்சிருக்கேன்? சொல்லுங்க, மன்னிப்புக் கேக்குறேன்.”

அவன் மறுபடியும் மன்னிப்பு என்றே ஆரம்பித்தான். வில்மா போனை வைத்தாள்.

மூன்று மாதம் சும்மா இருந்தாள். அதற்குப் பிறகு கல்வர் சிட்டி ஸ்டூடியோ ஒன்றில், மூன்று அக்கா தங்கைகள் நடத்தும் முடிதிருத்தகத்தைப் பற்றிய தொடரில் அதே வேலை கிடைத்தது. இரண்டாவது வாரமே, அதுவரை கடைக் கணக்கெல்லாம் எழுதிவந்த மூத்தவளுக்குப் புதுக் கதையில் திடீரென்று கணக்குத் தெரியாமல் போனதைப் பார்த்து, வில்மா கையைத் தூக்கினாள்.