ஹொல்ம்லியாச் சனத்துக்கு ஜெனோவா காட்டின கதை

சனத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஊர் காட்டுற தொழில் வெளியிலை நிண்டு பாக்கிறவைக்குத்தான் சொகுசு. ஒஸ்லோவிலை, குறொன்லாண்டிலை, விமான ரிக்கற் போடுற சின்னக் கடை ஒண்டு வைச்சிருக்கிறன். இடைக்கிடை எங்கட சனத்தைச் சேத்துக்கொண்டு வெளியூர் போறனான். போன வசந்தத்திலை போனது ஜெனோவா, இத்தாலியிலை ஒரு பழைய துறைமுகப் பட்டினம். இதே தொழிலிலை கிடந்து மாரடிக்கிற ஆக்களே, என்ரை பாட்டை நீங்களாவது கேளுங்கோ.

புறப்பாடு

இத்தாலிக்குப் போற சனம் இடியப்பப் பார்சலோடை வந்து நிண்டுது. மீன்குழம்புப் போத்தல் ஒண்டு சோதனையிலை பிடிபட்டு, அதுக்கு நான்தான் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. அந்த அமளிக்குள்ளை, ஹொல்ம்லியா எண்ட ஒஸ்லோப் புறநகரிலை இருக்கிற இராசன் அண்ணை என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். மட்டக்களப்பு ஆள். அவரின்ரை மனிசி தவமக்காதான் ரிவியிலை ஜெனோவாவைப் பாத்திட்டு, போவம் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவ.

சண்டைக் காலத்திலை அவையள் ஊர்ச்சனத்தோடை ஒரு சேர்ச்சுக்குள்ளை ஒதுங்கியிருந்தவையாம். கூரையிலை செல், பீரங்கிக் குண்டு, விழுந்து, பக்கத்திலை இருந்த தவமக்கான்ரை தங்கச்சி அதிலையே முடிஞ்சு போனா. அண்டையிலையிருந்து அக்கா எந்தச் சேர்ச்சுக்குள்ளையும் கால் வைக்கிறேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை கலியாணத்துக்கும் வாசலிலை நிண்டு வாழ்த்திப்போட்டு வந்தவ. ஒருக்காலாவது அந்தப் பயம் விட்டுப்போனால் காணும் எண்டதுதான் அண்ணையின்ரை ஏக்கம். ஆனால் என்னட்டைச் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க அவவை உள்ள வா எண்டு கேக்க வேணாம் தம்பி, இவ்வளவு காலமா நானே கேக்கல்ல."

ஒழுங்கைகள்

சேர்ச் இல்லாத மூலை ஜெனோவாவிலை இல்லை எண்டது அங்கை போனாப்பிறகுதான் எனக்கு உறைச்சுது. பழைய ஊர் முழுக்க ஒழுங்கைதான். ரண்டு கையையும் நீட்டினால் ரண்டு பக்கச் சுவரும் தட்டும். மேலை ஏழு மாடி, கொடியிலை உடுப்பு, அதுக்கு மேலை வானம் ஒரு கீறு. திடீரெண்டு ஒழுங்கை முடிய, வரிசையா மாளிகைகள். கப்பல் விட்ட வியாபாரிகள் கட்டினதாம். உள்முற்றம், பளிங்குப் படி, கூரை முழுக்கச் சித்திரம். கழுத்து நோக நோக அண்ணாந்து பாத்தம்.

சேர்ச் வந்த இடமெல்லாம் தவமக்கா, நீங்கள் போட்டு வாங்கோ எண்டு வெளியிலை இருந்திட்டா. எங்களோடை வந்த கார்த்திக், கோயம்புத்தூர்ப் பொடியன், கொம்பியூட்டர் வேலை, போனைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு நடந்தவர், கடைசியிலை என்னட்டைத் திரும்பி வந்தார். "அண்ணா, இங்க மேப்பே நம்மகிட்ட வழி கேக்குது."

துறைமுகம்

மலைக்கு உள்ளாலை ஒரு பழைய லிஃப்ற் ஏறுது. மேலை போனால் சாம்பல் கல்லுக் கூரைகள், அதுக்கங்காலை கடல், துறைமுக வாயிலிலை நெடுநெடுவெண்டு வெளிச்சவீடு. எங்கட சனம் கதைக்காமல் நிண்டதை நான் முதல்தரம் கண்டது அங்கைதான்.

பிறகு கடல் மியூசியத்துக்குப் போனம். பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போன இத்தாலியச் சனம் கப்பலிலை படுத்த தட்டுகளை அப்பிடியே செய்து வைச்சிருக்கிறாங்கள். தவமக்கா ஒரு தட்டிலை கையை வைச்சபடி கனநேரம் நிண்டா. இராசன் அண்ணை மெதுவாச் சொன்னார்: "எங்களுக்கு முந்தியே பாயைச் சுருட்டின சனம்தான் இதுகளும்."

பெரிய சேர்ச்

கடைசி நாள் கதீட்ரல். கறுப்பும் வெள்ளையுமாக் கோடு போட்ட கல்லுக் கட்டடம், படியிலை ரண்டு கல்லுச் சிங்கம். நான் வாய் திறக்க முதலே எங்கட சனம் சப்பாத்தைக் கழட்டி வாசலிலை வரிசையா வைச்சிட்டு வெறுங்காலோடை உள்ளுக்குப் போட்டுது. சப்பாத்துக்குக் காவல், சிங்கத்துக்குப் பக்கத்திலை தவமக்கா. காவலாளி ஓடிவந்து என்ன பிரச்சினை எண்டு கேட்டான். எங்கட வழக்கத்தைச் சொன்னன். தன்ரை சப்பாத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போனான்.

அப்பதான் இராசன் அண்ணை உள்ளையிருந்து ஓட்டமும் நடையுமா வந்தார். முகம் வெளிறிப் போய்க் கிடந்தது. மனிசிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து சொன்னார், உலக யுத்தத்திலை கடலிலை நிண்ட கப்பல் அடிச்ச செல் ஒண்டு இந்தச் சேர்ச்சுக்குள்ளை விழுந்ததாம், வெடிக்கேல்லையாம், அதை உள்ளை நிமித்தி வைச்சிருக்காம். இந்த மனிசன் ஏன் இதைப் போய்ச் சொன்னார் எண்டு எனக்குக் கோபம் வந்தது.

கொஞ்சத்தாலை அக்கா தன்ரை சப்பாத்தைக் கழட்டி வரிசையிலை வைச்சா. அண்ணையின்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு படி ஏறினா. செல் அவவின்ரை தோளளவு நிண்டுது. தலையிலிருந்து அடிவரை பாத்தா. அண்டைக்கு உள்ளை சனம் இருந்ததோ எண்டு பின்னாலை போன என்னைக் கேட்டா. ஊர் முழுக்கக் கதை சொல்லிக்கொண்டு வந்த எனக்கு அது தெரியேல்லை, தெரியாது எண்டன். அக்கா செல்லிலையிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா: "இருந்திருந்தா, அதுகள் எல்லாம் வீட்ட போயிருக்குங்கள்."

ஊரை விளங்கப்படுத்துறதுக்கெண்டு என்னைக் கூட்டிக்கொண்டு போகினம், நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டிட்டு வாறன்.