வர்க்கம் விழுங்கிய கழித்தல் குறி

நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அங்கே அப்படி ஒரு வகுப்பே நடக்கவில்லை. ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பதினொன்றின் கணக்குக்கு ஒரு சுருக்கத் தாள் தந்தார்கள். மனப்பாடம் செய், ஒப்பி, அவ்வளவுதான்.

மாதத் தேர்வு மார்க்கை வைத்து எங்களை ஏ, பி என்று பிரிப்பார்கள். ஏ பிரிவுக்கு மட்டும்தான் பொறியியல் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. எனக்கு அது வேண்டும். வெறியாக வேண்டும்.

ஒரு மாதம் இந்தக் கேள்வி வந்தது: x² + 2xy + y² + 2x − 2y = 0 எதைக் குறிக்கும்? ax² + 2hxy + by² + 2gx + 2fy + c = 0 என்ற பொது வடிவத்துக்குச் சுருக்கத் தாளில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. h² = ab, af² = bg². இரண்டும் பொருந்தினால் இணைகோடுகள். இங்கே இரண்டுமே பொருந்தின. ஆனால் சொன்னதைச் சொன்னபடி நம்புகிற குணம் எனக்குக் கிடையாது. விடைத்தாளின் ஓரத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். (−2,6), (0,2), (0,0), (−2,0), (−6,2). சேர்த்தால் கோடு நேராகப் போகவே இல்லை, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவு மாதிரி திரும்பியது. பரவளையம் என்று எழுதினேன். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு மார்க்கில் ஏ பிரிவில் என் இடம் ஆட்டம் கண்டது. மறுதேர்வில் அதை மீட்டால்தான் தங்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து காரணத்தைப் பிடித்தேன். இணைகோடுகள் என்றால் a-க்கும் h-க்கும் என்ன விகிதமோ, அதே விகிதம் g-க்கும் f-க்கும் வேண்டும், கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்து. தாளில் இருந்ததோ வர்க்கம். வர்க்கப்படுத்தினால் கழித்தல் குறி காணாமல் போய்விடும். கேள்வியில் −2y-க்குப் பதில் +2y இருந்திருந்தால் நிஜமாகவே இணைகோடுகள்தான்.

கணக்கு சாரிடம் காட்டினேன். நிதானமாகப் போட்டுப் பார்த்தார்.

"நீ சொல்றது சரிதான் சாமி. ஆனா தாள் அச்சாயி எல்லாருக்கும் போயிருச்சு. மறுதேர்வுலயும் இதே கேள்விதான் வரும். தாள்ல இருக்கறத எழுதிட்டு ஏ-லயே இரு."

அன்று சாயங்காலம் மல்லசமுத்திரத்திலிருந்து அம்மா போன் செய்தபோது சொன்னேன்.

"ஒரு மார்க்குக்கு ஏஞ்சாமி மல்லுக்கட்டற? அவங்க சொல்றதையே எழுதிரு. ஏ செக்‌ஷன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்."

"அது தப்புங்கம்மா."

"தப்புன்னா அவங்க தப்பு. உனக்கென்ன?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. சாருக்குச் சரி எது என்று தெரிகிறது, அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, தப்பை எழுத வேண்டியது மட்டும் நானா?

மறுதேர்வில் அதே கேள்வி வந்தது. பயிற்சி வகுப்பு கண் முன்னால் வந்து போனது உண்மை. பரவளையம் என்றே எழுதி, பக்கத்தில் படத்தையும் பெரிதாக வரைந்து வைத்தேன்.

திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பி பிரிவுக்குப் போனேன். கழிவறையில் கொஞ்சம் அழுதேன். வெட்கம் மட்டும் வரவில்லை.

பி பிரிவுக்கும் கணக்கு அதே சார்தான். அந்தச் சுருக்கத் தாளையே எடுத்து, இணைகோடுகளுக்கான இரண்டு நிபந்தனைகளையும் போர்டில் எழுதிப் போட்டு, எல்லோரையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார். வகுப்பே படித்தது. நான் எழுந்து நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். "உக்காரு சாமி" என்றார் மெதுவாக.

நேராகப் போர்டுக்குப் போய் சாக்பீஸை எடுத்துக்கொண்டேன்.

"வரைஞ்சு காட்டிட்டு உக்கார்றனுங்க சார்."