ப்ரூவ்டா, ப்ரூவனா?

சிங்கப்பூருக்கு வந்த இரண்டாம் ஆண்டு, மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆங்கிலக் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஐம்பதைத் தொட்டவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புக்கிட் பாஞ்சாங்கில் எனக்கு அறை பிடித்துக் கொடுத்தவர்; காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்தவர்.

ஒரு கையேட்டில், கருவி பயனுள்ளது என்று நிரூபணமாகியிருப்பதைச் சொல்ல, பள்ளியில் படித்தபடி 'ஹேஸ் ப்ரூவ்ட்' என்று எழுதியிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"ப்ரூவன்னு போடு லா. இப்பல்லாம் அதான்."

அகராதியைப் பார்த்தேன். இரண்டுமே சரி என்றிருந்தது. அக்கா சொன்னதற்காகக் கையேடு முழுக்க மாற்றினேன்.

வாடிக்கையாளர் தரப்பில் ஒரு பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்க வாடை அடிக்கிறதாம். மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் வேண்டாம்னு சொன்னேன். அவங்க ஊர் ஆங்கிலம் அப்படி."

அவங்க ஊர். இனி நான் எழுதுவதையெல்லாம் அக்கா சரிபார்த்த பிறகே அனுப்பவேண்டும் என்று முடிவானது.

மதியம் தேக்கா உணவங்காடியில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"இந்த வயசுல என்னை வெளிய அனுப்பினா யாரு எடுப்பா? நீ சின்னவ, சமாளிச்சுக்குவ."

"ரெண்டும் சரிதானேக்கா. அகராதியக் காட்டியிருந்தா யாரு மேலயும் தப்பு வந்திருக்காதே."

அவர் டே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு வழி இருந்ததே அவருக்கு அப்போதுதான் தோன்றியிருக்கும் போல. பயந்து செய்தார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் பயத்தில் கைக்குக் கிடைத்தது நானா?

அடுத்த வாரம், முன்பே நான் எழுதி முடித்திருந்த இன்னொரு கையேட்டில் எல்லா 'ப்ரூவன்'களையும் அவர் 'ப்ரூவ்ட்' ஆக்கியிருந்தார். 'ப்ரூவன் மெத்தட்' என்பதைக்கூட. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'ப்ரூவன்'தான் பொருந்தும். எழுந்துபோய் அந்த வரியைக் காட்டினேன்.

"இது மட்டும் பழையபடி இருக்கட்டும், மேடம்."

மேடம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியை மட்டும் மாற்றினார்.