வெப்பப் பாடமும் வெந்துபோன நாக்கும்

வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் யாரும் சூடுபடாமல் தப்ப முடியாது. என்னைப் போலவே கரும்பலகை முன்னால் நின்று அவதிப்படுகிறவர்களுக்கு இது தெரியும். போடியிலிருந்து தினமும் பஸ் ஏறி, ஏலத்தோட்டச் சரிவில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன்.

டம்ளரா, அண்டாவா?

"கொதிக்கிற டீ ஒரு டம்ளர். வெதுவெதுப்பான தண்ணி ஒரு அண்டா. எதுல அக ஆற்றல் அதிகம்?" என்று கேட்டேன். மொத்த வகுப்பும் டம்ளர் என்றது. டீயில் அதிகம் வெப்பநிலைதான். அண்டாவில் துகள்கள் ஏராளம், அத்தனையின் ஆற்றலையும் கூட்டினால் அண்டாதான் ஜெயிக்கும் என்று தொண்டை வறள விளக்கினேன். மணியடித்ததும் முதல் பெஞ்சு ஈஸ்வரி எழுந்தாள். "அப்ப டீச்சர், இனிமே உங்களுக்கு டீ வேணாமா? அண்டாவக் கொண்டாரவா?"

ஆறிய பஜ்ஜி

ஈஸ்வரியின் அம்மா டீக்கடை வைத்திருக்கிறார். ஒருநாள் இடைவேளையில் அங்கிருந்து வாழைக்காய் பஜ்ஜி வந்தது. தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. தண்ணீருக்குத் தன்வெப்ப ஏற்புத்திறன் அதிகம், நீர்ச்சத்துள்ள பொருள் லேசில் ஆறாது என்று சற்று முன்புதான் நடத்தியிருந்தேன். நடத்தியவளுக்கே ஞாபகமில்லை. ஒரே கடி. உள்ளிருந்த காய் நாக்கைப் பொசுக்கியது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்கலங்கி நின்றேன். தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி ஈஸ்வரி சொன்னாள்: "நல்லாப் புரிஞ்சிருச்சு டீச்சர், இனி இந்தப் பாடத்த நடத்த வேணாம்."

அசையாத எண்ணெய்

என் வேலை தற்காலிகம். அது நீளுமா என்பது ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கையில் இருந்தது. முந்தின சாயங்காலமே தண்ணீரும் தேங்காயெண்ணெயும் ஒரே எடையில் ஊற்றி, வெப்பமானிகளையும் உள்ளே வைத்திருந்தேன். ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை ஏற்றி, "எண்ணெய்தான் முதல்ல சூடாகும்" என்று அறிவித்தேன்.

தண்ணீரில் வெப்பமானி ஏறியது. எண்ணெயில் அசையவில்லை. "தலைகீழா இருக்கேம்மா?" என்றார் அதிகாரி. குனிந்து பார்த்தேன். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து கிடந்தது! வாங்கிய வெப்பமெல்லாம் உருகுவதற்கே போய்க்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுங்க சார்" என்று அதையே பாடமாக நடத்தினேன்.

உருகி முடித்த எண்ணெய் விறுவிறுவென ஏறித் தண்ணீரை முந்தியது. கபடி பார்ப்பதுபோல் பிள்ளைகள் கத்தினார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார், வேலை நீண்டது. கிளம்பும்முன் ஈஸ்வரியிடம், "முதல்ல ஏன் பாப்பா ஏறல?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "காலைல எந்திரிச்ச ஒடனே யாரு சார் வெரசா ஓடுவா?"

அடுத்த பாடம் மின்சாரம். அதில் நான் எதையும் தொட்டுக் காட்டுவதாக இல்லை.