வெள்ளிக்கிழமைக் கூம்பகம்

என் மேசைமேல் ஒரு நாசி லெமாக் பொட்டலம் இருக்கிறது. தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் வைத்து, நாலு பக்கமும் சரிந்து உச்சியில் ஒன்று சேரும்படி வாழையிலையில் மடித்தது. மற்றவர்களுக்கு அது காலைப் பசியாறல். இருபது வருடம் பாலர் வகுப்பில் குப்பை கொட்டிய எனக்கு அது கூம்பகம். அதைப் பிரிப்பதற்குள் சாப்பாட்டுக் கடை பாய் நினைவுக்கு வந்துவிடுவார்.

அப்போது நான் லகாட் என்ற சிற்றூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. முப்பரிமாண வடிவங்களைச் சொல்லித்தர வேண்டும். படத்தில் காட்டினால் உருண்டையும் பிள்ளைகளுக்கு வட்டம்தான். கையில் கொடுத்தால்தான் வித்தியாசம் புரியும். பள்ளியில் இருந்த பிளாஸ்டிக் வடிவங்களில் பாதி காணாமல் போயிருந்தன. நான் சும்மா இருப்பவளா? வீட்டுச் சாமியறையையே பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். தேங்காய்தான் உருண்டை, விபூதி டப்பா நீள் உருளை, ஊதுபத்திப் பெட்டி கனச்செவ்வகம், சாம்பிராணி கூம்பு. பிள்ளைகள் ஓடிவந்து தொட்டார்கள், உருட்டினார்கள், முகர்ந்து தும்மினார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாயின் மகள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வகுப்பில் ஒரே முஸ்லிம் பிள்ளை அவள். சாம்பிராணியை நீட்டி, "இதப் புடிச்சுப் பாரு, என்ன வடிவம்?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். மூன்று முறை கேட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். வகுப்பே சிரித்தது. மதிப்பீட்டுத் தாளில் அவள் பெயருக்கு நேரே நாலு கட்டத்திலும் 'அறியவில்லை' என்று எழுதி வைத்தேன்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் பள்ளி விட்டதும் பாய் வந்தார். தோளில் கடைத் துண்டு, சட்டையெல்லாம் தே தாரிக் தேநீர் வாசம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அவளுக்கு எல்லாப் பேரும் தெரியும் டீச்சர். கடையில டின்ன உருட்டி உருட்டிச் சொல்லிக்கிட்டேதான் இருப்பா. எங்ககிட்ட வேல செய்யிற பசங்க மேல்மாடியில சாமி படம் வச்சிருக்காங்க. அது அவங்க சாமி சாமான், நாம தொட்டு வெளயாடக் கூடாது, மரியாத இல்லன்னு நான்தான் சொல்லி வளத்தேன். அதான் கையப் பின்னால கட்டிக்கிட்டா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தை என் சாமிக்குக் காட்டிய மரியாதையை நான் அறியாமை என்று எழுதி வைத்திருந்தேன்.

"சொந்தக்காரங்க அப்பவே மலாய்ப் பள்ளில போடச் சொன்னாங்க. எனக்குத்தான் எம்புள்ள தமிழ் எழுதிப் பாக்கணும்னு ஆச. இப்ப பள்ளிக்கூடமே வரமாட்டேன்னு அழுவுறா. மாத்திடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"தப்பு என்னோடதுதான் பாய். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அனுப்புங்க," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை தூறலோடு தூறலாக அவரே மகளை அழைத்து வந்தார். பின்னால் கடைப் பையன்கள் இருவர், கையில் தட்டுகள். "எங்கிட்டயும் வடிவம் இருக்குலா டீச்சர்," என்றார். பால் டின், எலுமிச்சை, கனசதுரமாக வெட்டிய அகார் அகார் ஜெல்லி, குவியலாக நாசி லெமாக் பொட்டலங்கள். நடுவில், காகிதம்போல் மெல்லிசாகச் சுட்டுச் சுருட்டி, முழ உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற ரொட்டி தீசு.

முதலில் பிள்ளைகள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ரொட்டியைக் காட்டினேன். பின்னால் இருந்த கை மெல்ல முன்னால் வந்தது. "கூம்பு," என்றாள். சொல்லி முடிப்பதற்குள், தூறலில் நனைந்திருந்த ரொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "டீச்சர், கூம்பு படுத்திருச்சு!" என்று அவளே முதலில் சிரித்தாள். மிச்ச வடிவங்களை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

பொட்டலங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போனபோதுதான் எனக்குக் கை தயங்கியது. பாதிப் பிள்ளைகள் வீட்டில் அன்றைக்குச் சைவம். பாய் புரிந்துகொண்டார்.

"பயப்படாதீங்க டீச்சர். நெத்திலி இல்ல, முட்ட இல்ல, சம்பல்ல எறால் பெலாச்சான்கூடப் போடல. வெள்ளிக்கிழமலா."

இருபது பிள்ளைகளைப் பற்றி அவர் ஒரே இரவில் யோசித்திருக்கிறார். ஒரு பிள்ளையைப் பற்றி நான் ஒரு வருடமாக யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது; இன்றும் இருக்கிறது. அன்று மதியமே தாளில் நாலு கட்டத்தையும் அடித்துத் திருத்தினேன். அவள் ஆறாம் ஆண்டு வரை அந்தப் பள்ளியிலேயே படித்தாள்.

பாய் இப்போது இல்லை. கடையை மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். இன்று காலை போயிருந்தேன். முன்னால் குவிந்திருந்த பொட்டலங்களில் ஒன்றை எடுக்கப் போனேன். அவள் தடுத்து, தனியாக ஓரத்தில் வைத்திருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அது வேணாம் டீச்சர். இதுல நெத்திலி போடல."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.