ஏலே என்று கூப்பிட்ட மண்டிக்காரர்

அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கி இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ இருக்கும். பிசான நெல் அறுப்பு முடிந்த சமயம், நல்ல வெயில்.

நான் பள்ளிக்கூடத்தை அதிகம் மிதித்தவன் அல்ல. ஆனால் அங்கிருந்து திருநெல்வேலி டவுணுக்கு நெல் ஏற்றிப் போன வண்டிகளில் ஏழு என்னுடையவை. யாரும் கொடுத்ததில்லை, நானே சேர்த்தவை. ரயில் வந்ததும் மூட்டையெல்லாம் அதற்குப் போயிற்று. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. வீட்டில் உலை வைப்பதே பாடாகிவிட்டபோது, நெல் மண்டியிலிருந்து ஸ்டேஷனுக்கு மூட்டை அடிக்கிற வண்டிக்காரன் வேலையாவது கிடைக்குமா என்று கேட்டுப் போனேன்.

இரண்டு மண்டிகளில் மரியாதையாக மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உங்களைப் போய் வண்டி ஓட்டச் சொல்வதா என்றார்கள். மூன்றாவது மண்டிக்காரர் என்னைவிட இளையவர். ஒரு காலத்தில் அவர் நெல்லும் என் வண்டியில்தான் போகும். பழக்கதோஷத்தில் நேரே போய் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, என் ஏழு வண்டிக் கதையை ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல வேலை உறுதியாகும் என்று நினைப்பு. அவர் முகமோ சுருங்கிக்கொண்டே போயிற்று.

“அண்ணாச்சி, வேலை கேக்க வந்தியளா, சம்பந்தம் பேச வந்தியளா?” என்றார்.

என் கை வெற்றிலையிலேயே நின்றுவிட்டது. மண்டியில் சமமானவர்தான் தட்டில் கை வைப்பார். வேலைக்காரன் நின்றபடி, முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொள்வான். முந்தின இரண்டு இடத்திலும் நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் தணிந்த குரலில் சொன்னார்: “மூட்ட நனைஞ்சா நான் ஒங்கள ஏசணும்லா? எனக்கு வாய் வருமா? நாளைக்கே கை தெளிஞ்சா வண்டி வாங்கிட்டுப் போயிருவிய.”

பெருமை பேச எனக்குத் தெம்பு இல்லை. வெற்றிலையை வைத்துவிட்டு எழுந்து களத்தில் இறங்கி நின்றேன்.

“போமாட்டேன்னு பொய் சொல்லல மொதலாளி. போனா சொல்லிட்டுத்தான் போவேன். அதுவரைக்கும் என் வண்டிக்காரங்கள நான் ஏசின மாதிரி நீங்களும் ஏசலாம். இப்பமே ஏசிப் பாருங்க.”

களத்தில் நாலைந்து பேர் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் முன்னே என்னிடம் வண்டி ஓட்டியவன். மண்டிக்காரர் கண் வெயிலில் நின்ற மண்டி வண்டி மாடுகள் பக்கம் போயிற்று.

“ஏலே, மாடு வெயில்ல நிக்குது, கண்ணு தெரியலியா? பிடிச்சு நெழல்ல கட்டு லே.”

என்னிடம் இருந்தவன் பதறி எழுந்து கயிற்றுக்குக் கை நீட்டினான். நான் அவன் கையை விலக்கிவிட்டு, மாடுகளைப் பைய நடத்திப்போய் வேப்பமரத்தடியில் கட்டினேன். காது மட்டும் சுட்டது. திரும்பி வந்தபோது மண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையை நீட்டினார். நின்றபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே ஸ்டேஷனுக்கு முதல் நடை அடித்தேன்.

பிறகு மறுபடி வண்டி சேர்த்தேன். சொன்னபடி அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். பின்னால் சொந்தமாக மண்டியும் வைத்தேன். இன்று ஸ்டேஷனில் ரயிலேறுகிற மூட்டையில் என் மண்டி மூட்டைதான் அதிகம், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதலாளி என்று கூப்பிட ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஆனால் அலுத்துப்போய்ப் படுக்கும்போது நினைவுக்கு வருவது அந்த ஒரு ‘ஏலே’தான். கேட்ட எனக்குக் காதுதான் சுட்டது, அதைச் சொல்ல அந்த மனுஷன் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.